வாய்க்கால் கரையில் மெதுவாக

மருதாத்தாள் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டதே மகளுக்காகத்தான். அதற்கு முன்னால் சைக்கிளில்கூட அவள் ஏறியதில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று இப்பால், மலையாள நாட்டுப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் அவர்கள் வீடு. கணவன் மாரப்பனுக்குத் தேங்காய் லாரியில் டிரைவர் வேலை. எர்ணாகுளம் பக்கம் லோடு கொண்டுபோனால் எப்போது திரும்புவோம் என்று அவனுக்கே தெரியாது. ஒரே மகள் யோகப்பிரியா.

அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஜின்சி ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். கோட்டயத்துக்காரி. இந்தப் பக்கத்துக்கு வந்து தமிழ் பழகியவள்.

"யோகாவோட காலுக்கு ஒரு பலம் உண்டு சேச்சி. நான் சும்மா பறையறதில்ல. ஸ்கூல் சைக்கிள் ஒண்ணு தரேன். தார் ரோடு இல்லாம மண்ணுலயும் கல்லுலயும் ஓட்டற பந்தயம் ஒண்ணு இருக்கு. தினம் காலையில பழகணும்" என்றாள்.

"எங்க பழகறதுங்க டீச்சர்? ரோட்டுல பூரா லாரியா போகுதுங்களே" என்றாள் மருதாத்தாள்.

"வாய்க்கால் கரை இருக்கல்லோ."

வீட்டுக்குப் பின்னால் தோப்பைத் தாண்டினால் வாய்க்கால். ஆளியாற்றுத் தண்ணீர் வருவது. அதன் மேட்டின் மேல் பாசன இலாகா ஜீப் போவதற்கென்று போட்ட பாதை ஒன்று உண்டு. சிவப்பு மண்ணும் சரளைக்கல்லுமாக, ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் பள்ளத்தில் நெல் வயலும் பனைகளுமாக, வளைந்து வளைந்து கம்பாலத்தறை ஏரி வரைக்கும் போகும். தெற்கே தென்மலை நீலமாகத் தெரியும். ஆடி மாதம் காற்று அடித்தால் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். மற்ற நாட்களில் அமைதியான பாதைதான். விடிவதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை தனியாகப் போகிற பாதைதான் இல்லை.

அதனால்தான் மருதாத்தாள் பழைய மொபெட் ஒன்றில் ஏறினாள். தோப்புக்குள்ளேயே விழுந்து எழுந்து பழகினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, மகளுக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு போனாள்.

"புள்ளைக்குப் பொறகால வண்டியோட்டிட்டுப் போறயே, ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமா?" என்றான் மாரப்பன்.

"பேசட்டுமுங்க. இருட்டுல தனியா உடச் சொல்றீங்களா?"

அடுத்த தடவை வந்தபோது மொபெட்டுக்குப் புது டயர் வாங்கி வந்தான்.

அந்த வருடங்கள்தான் மருதாத்தாளின் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள். அவளிடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். பத்தாவதில் தோற்றதோடு படிப்பை நிறுத்தி, கல்யாணம் ஆகி, மாடும் அடுப்புமாக இருந்தவள். இப்போது விளக்கு வெளிச்சத்தில் மகளின் முதுகு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். சரளைக்கல் டயருக்கடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே வரும். ஏரிக்கரை ஏற்றத்தில் யோகப்பிரியா சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பாள். மொபெட் திணறும், அவள் திணற மாட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே மருதாத்தாள் நாலு மணிக்கு எழுந்தாள்.

மாவட்டத்தில் ஜெயித்தாள். மாநிலத்தில் இரண்டாவதாக வந்தாள், மறுவருடம் முதலாவதாக வந்தாள். மகளோடு போய்த்தான் மருதாத்தாள் வயநாட்டைப் பார்த்தாள், திருவனந்தபுரத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பந்தயத்தில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் குடைக்கடியில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் வேலியைப் பிடித்தபடி ஓடுவாள். "ஏறு சாமி, ஏறு" என்று கத்துவாள். ஊரில் அவள் கத்தி யாரும் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தபோது தேசிய முகாமுக்குக் கூப்பிட்டார்கள். திருவனந்தபுரத்தில் முகாம். சேர்வதற்கு முன் எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை. ஜின்சியும் மருதாத்தாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யோகப்பிரியா மட்டும் வரவில்லை. அவளை இன்னொரு அறைக்கு அழைத்துப் போனார்கள். பிறகு இவர்களையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளம் பெண்தான். மலையாளத்தில் மெதுவாகச் சொன்னாள். இதயத்தின் சுவர் ஒரு பக்கம் தடித்திருக்கிறது. பிறவியிலேயே வருவது. சாதாரணமாக இருந்தால் தெரியாது. மூச்சு முட்ட ஓடினால், மிதித்தால், துடிப்பு தாறுமாறாகி ஒரு நொடியில் நின்றுபோகலாம். பந்தயம் இனிமேல் கூடாது.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?" என்று டாக்டர் கேட்டாள்.

மருதாத்தாளுக்கு உடனே தம்பியின் ஞாபகம் வந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருடம். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் பிடித்தபடியே சாய்ந்தான். வெயில் என்றார்கள். முனி அடித்துவிட்டது என்றார்கள். அப்பா அந்த வயலையே விற்றுவிட்டார்.

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தானுங்க" என்றாள்.

அவளையும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது, கொஞ்சமாக. மாத்திரை ஒன்று போட்டால் போதும், பயப்பட வேண்டாம் என்றாள் டாக்டர். தன் நெஞ்சுக்குள் அப்படி ஒன்று இருந்தது நாற்பத்து நாலு வயது வரைக்கும் அவளுக்குத் தெரியவே இல்லை. அவளை அது ஒன்றும் செய்யவில்லை. அவள் வழியாகப் போய் மகளிடமிருந்து பந்தயத்தை எடுத்துக்கொண்டது.

அன்றைக்கே மூன்று பேரும் ரயிலில் திரும்பினார்கள். ஜின்சி ஷொர்ணூரில் டீ வாங்கிக் கொடுத்தாள். யோகப்பிரியா அதைக் குடித்துவிட்டு, "அம்மா, உனக்கும் மாத்திர தந்திருக்காங்கல்ல. மறக்காமப் போடணும்" என்றாள். மருதாத்தாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாரப்பன் லோடை வேறொருவனிடம் விட்டுவிட்டு வந்து கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனான். அங்கே வயதான டாக்டர் ஒருவர் பார்த்தார். அதையேதான் சொன்னார். நடக்கலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், மெதுவாக சைக்கிள்கூட மிதிக்கலாம். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று எழுதிக்கொடுத்தார். துடிப்பு எல்லையைத் தாண்டினால் கையில் கட்டியிருக்கும் வாட்ச் கூவும். கூவினால் நின்றுவிட வேண்டும்.

திரும்பி வரும் வழியில், எல்லையைத் தாண்டியதும் மாரப்பன், "சைக்கிள் இல்லீனா என்ன, புள்ள உசுரோட இருக்குதல்ல" என்றான். அது சரிதான் என்று மருதாத்தாளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் அவன்மேல் அவளுக்குக் கோபமாக வந்தது.

சைக்கிள் பள்ளிக்கூடத்துடையது. ஒன்பதாம் வகுப்பில் அனுஸ்ரீ என்று ஒரு பெண் நன்றாக ஓட்டுவதாகவும் அவளுக்கு அதைக் கொடுக்க வேண்டியிருப்பதாகவும் ஜின்சி தயங்கித் தயங்கிச் சொல்லி அனுப்பினாள். ஜின்சி எடுக்க வந்த அன்று யோகப்பிரியா விடிந்ததிலிருந்து சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பல்சக்கரத்தின் இடுக்கிலிருந்த வாய்க்கால் மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தாள். செயினுக்கு எண்ணெய் விட்டாள். சீட்டை இறக்கி வைத்தாள்.

"எதுக்கு இறக்கற?" என்றாள் மருதாத்தாள்.

"அவ என்னையவிடக் குள்ளம்மா."

ஜின்சி வந்தாள். டீ குடிக்கவில்லை. மருதாத்தாள் அவளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு வாரமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"டீச்சர், வேற ஊர்ல சேத்திவிட்டா என்னங்க? தமிழ்நாட்டுப் பக்கம் இந்த டெஸ்ட்டெல்லாம் கேக்கறதில்லைன்னு ஒருத்தர் சொன்னாரு. ஒரே ஒரு தடவ. நேசனல் மட்டும். அதுக்கப்பறம் நிறுத்திப்போடலாமுங்க."

ஜின்சி அவளையே பார்த்தாள். "சேச்சி, நீங்க இதைக் கேட்டதா நான் மறந்துட்டேன். நீங்களும் மறந்துடுங்க" என்றாள்.

மருதாத்தாள் திரும்பியபோது யோகப்பிரியா எண்ணெய்த் துணியோடு கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜின்சியின் வண்டியில் சைக்கிளை ஏற்றிக் கட்டி அனுப்பிய பிறகு, இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். தோப்புக்குள் வண்டிச் சத்தம் அடங்கியது.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் மகள்.

"சொல்லு."

"போன வருசமே எனக்கு நெஞ்சு புடிக்கும். ஏரி ஏத்தத்துல. கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ரெண்டு தடவ வாய்க்கால்ல உழுந்திருவேன்னே நெனச்சேன்."

மருதாத்தாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி சொல்லல? நான் பொறகாலயே வந்துட்டிருந்தேனே."

"நீ வந்ததுனாலதான் சொல்லல. நின்னா நீ என்னன்னு கேப்ப. கேட்டா இதெல்லாம் நின்னுபோயிரும்." அவள் துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "மேல போயித் திரும்பிப் பாத்தா உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. வேற எப்பவும் நீ அப்படி இருந்து நான் பாத்ததில்ல."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். மருதாத்தாள் கிணற்றடிக்குப் போய் வாளியைப் போட்டுத் தண்ணீர் சேந்தினாள். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் சேந்திக்கொண்டே இருந்தாள்.

யோகப்பிரியா பரீட்சை எழுதினாள். மருதாத்தாளுக்கு நாலு மணிக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் படுத்திருக்கும் மகளின் மூச்சைக் கேட்பாள். வருகிறதா என்று பார்ப்பாள். வரும். திரும்பப் படுப்பாள்.

பரீட்சை முடிந்து அவள் பக்கத்திலுள்ள சித்தூர் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஜின்சி ஒரு நாள் ஃபோன் செய்தாள். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் இருந்து ஆட்கள் இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறார்களாம். பந்தயம் இல்லை. ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் மண்பாதையாகப் பார்த்து மெதுவாகப் போய், வழியில் நின்று, இளநீர் குடித்து, மீன்கரை அணையில் சாப்பிட்டுத் திரும்புவதாம். அதற்குப் பாதை தெரிந்த ஆள் வேண்டும். கோயம்புத்தூர் டாக்டரிடம் கேட்டதற்கு, பட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்.

"வேண்டாம்" என்றாள் மருதாத்தாள் உடனே.

"நான் போறேன்" என்றாள் யோகப்பிரியா.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தடிமனான டயர் போட்ட சைக்கிள்கள். யோகப்பிரியாவுக்கும் அவர்களே ஒன்று கொடுத்தார்கள். முதல் உதவிப் பெட்டி, வாழைப்பழம், தண்ணீர், பங்க்சர் ஒட்டும் சாமான் எல்லாவற்றையும் மொபெட்டில் வைத்துக்கொண்டு கடைசியில் மருதாத்தாள் போனாள். மகள் மறுபடி சைக்கிளில் ஏறுவதைப் பார்க்க அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. யோகப்பிரியா முன்னால் நேராக உட்கார்ந்து மிதித்தாள். அப்படி அவள் உட்கார்ந்து மருதாத்தாள் பார்த்ததே இல்லை. எப்போதும் குனிந்த முதுகுதான். இப்போது பனையைக் காட்டினாள், தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டினாள், எந்த மதகுக்கு என்ன பேர் என்று சொன்னாள். வாளையாற்றுக் கணவாய்க் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொன்னாள். வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனாள். யோகப்பிரியா வழிவிட்டாள்.

கம்பாலத்தறை ஏரிக்கரை ஏற்றம் வந்தது.

ஒவ்வொருவராக முக்கி முனகி ஏறினார்கள். யோகப்பிரியா பாதி ஏறியிருப்பாள். அவள் கையில் வாட்ச் கூவியது. சின்னச் சத்தம்தான். மொபெட்டின் இரைச்சலுக்கு மேலே அது மருதாத்தாளின் காதில் விழுந்தது. மகள் மிதிப்பதை நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றி நின்றாள். நாலு வருடம் எழுந்து நின்று மிதித்த ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

கொச்சிக்காரர் ஒருவர், கனத்த உடம்பு, அவரும் மூச்சு வாங்க இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். "எனக்குத் துணையா நீயும் இறங்கிட்டியா மோளே? ரொம்ப நன்றி" என்றார்.

"பரவால்லீங்க. அவசரம் ஒண்ணுமில்லயே" என்றாள் யோகப்பிரியா.

மருதாத்தாள் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மொபெட்டை முறுக்கினால் ஒரு நிமிடத்தில் அவர்களைத் தாண்டி மேலே போய்விடலாம். அவளுக்கு மனம் வரவில்லை. எஞ்சினை அணைத்தாள். இறங்கினாள். சாமான் கனத்தோடு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, மகளுக்கும் தனக்கும் இடையில் இருந்த தூரம் குறையாமல் நடந்தாள். சரளைக்கல்லில் செருப்பு வழுக்கியது. கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் மொபெட்டில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அவளுடைய நெஞ்சும் படபடவென்று அடித்தது.

மகள் மேலே போய்ச் சேர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலை வெயிலில் தண்ணீர் தகரம் போல மின்னியது. நடுவில் பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. மருதாத்தாள் பக்கத்தில் போய் நின்றபோது, "இந்தக் காக்காயெல்லாம் எப்பவும் இங்கதான் இருந்துதாம்மா? நான் பாத்ததே இல்ல" என்றாள்.

"நானும் பாக்கலீயே" என்றாள் மருதாத்தாள்.

மத்தியானம் மீன்கரையில் மரத்தடியில் சாப்பாடு. காலையில் தாண்டிப் போன அந்தப் பெண்மணி மருதாத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி.

"உங்க பொண்ணு ஓட்டறதுல ஒரு இது இருக்குங்க. வளைவுல திரும்பறப்பவே தெரியுது. பந்தயத்துக்கு விட்டீங்கன்னா எங்கயோ போயிருவா" என்றாள்.

யோகப்பிரியா இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. மருதாத்தாள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருடத்தில் இதை மருதாத்தாள் வெளியார் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், காலில் சுளுக்கு, பரீட்சை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே சொல்லி வந்தாள்.

"ஓட்டுனாளுங்க" என்றாள். "மாநிலத்துல மொதலா வந்தா. நெஞ்சுல கோளாறு. இனி ஓட்ட மாட்டா."

அந்தப் பெண்மணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாத்தாள் கையை விடுவித்துக்கொண்டு, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றாள். யோகப்பிரியா குனிந்து அடுத்த இலையைப் போட்டாள்.

அன்று சாயங்காலம் மகள் தானாக வந்து மடியில் தலை வைத்துப் படுத்தாள். தலைமுடியில் செம்மண் படிந்திருந்தது. மருதாத்தாள் விரலால் அதை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மகளின் தோள் குலுங்குவது தெரிந்தது. ஆஸ்பத்திரியிலும் அழாதவள், சைக்கிளைக் கொடுத்த அன்றும் அழாதவள். மருதாத்தாள் அழாதே என்று சொல்லவில்லை. அவள் ஓயும் வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

யோகப்பிரியா கல்லூரிக்குப் போய்வருகிறாள். சைக்கிள் ஆட்கள் வரும் ஞாயிறுகளில் பாதை காட்டப் போகிறாள். சில நாள் சந்தோஷமாக வருவாள். சில நாள் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள். எது எப்போது என்று சொல்ல முடியாது. மாரப்பன் ஊரில் இருந்தால் வாட்சுக்குச் சார்ஜ் போடுவது அவன் வேலை.

அடுத்த மாநிலப் பந்தயம் மலம்புழைக்குப் பக்கத்திலேயே நடந்தது. அனுஸ்ரீ ஓட்டினாள். யோகப்பிரியா பார்க்கப் போனாள். மருதாத்தாளையும் கூப்பிட்டாள். மாட்டுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு மருதாத்தாள் வீட்டிலேயே இருந்தாள். மாடு நன்றாகத்தான் இருந்தது. பகலெல்லாம் ஒரு வேலையும் ஓடவில்லை. பந்தயம் தொடங்கியிருக்கும், முதல் சுற்று முடிந்திருக்கும், ஏற்றம் வந்திருக்கும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும்போது மகள் திரும்பி வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். மருதாத்தாள் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். மகள் பாதி சாப்பிட்ட பிறகுதான் கேட்டாள்.

"எப்படி ஓட்டுனா?"

"நாலாவதா வந்தா. ஏத்தத்துல நல்லா போறா. எறக்கத்துல பயந்துக்கறா, பிரேக்கப் போட்டுடறா."

"அவங்கம்மா வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்க. வேலியப் புடிச்சுட்டு நின்னாங்க." மகள் சோற்றைப் பிசைந்தாள். "என்னையப் பாத்து ஒதுங்கி எடம் குடுத்தாங்கம்மா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு."

மருதாத்தாள் அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போதும் என்று மகள் சொல்லவில்லை.